வீட்டுப் பட்டறைக்கு மைட்டர் ரம்பம் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மரத்தைக் குறுக்கே வேண்டிய கோணத்தில் அறுப்பது மைட்டர் ரம்பம்; பிளேடும் மோட்டாரும் அமைந்த அதன் தலையைக் கீழே இறக்கி அறுப்போம். நான் முதன்முதலாக வாங்கியது 305 மி.மீ. பிளேடும், தண்டுகளின்மேல் முன்னும் பின்னும் நகரும் தலையும் கொண்ட பெரிய இயந்திரம். கடையில் வரிசையாக நின்றவற்றுள் எல்லா வேலைக்கும் ஈடுகொடுப்பது அதுதான் என்று தோன்றியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் ஏற்றிய பிறகுதான், பின்னால் நீளும் தண்டுகளுக்கு இடம்விட வேண்டுமானால் மேசையையே சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட வேண்டும் என்பது தெரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதில் நான் அறுத்த மரங்களில் பெரும்பாலானவை 100 மி.மீ. அகலத்தைத் தாண்டவில்லை. இத்தனைக்கும், அதில் அறுத்துச் சேர்த்த படச்சட்டங்களின் நான்காவது மூலை எப்போதும் வாய் பிளந்தே நின்றது.

பிளேடின் விட்டம், மோட்டாரின் வாட், தலை நகருமா நகராதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு விலைக்குப் போவதுதான் வழக்கமான முறை. என் அனுபவத்தில் அந்த வரிசை தலைகீழானது. நீங்கள் அறுக்கும் மரத்தின் அகலம், இயந்திரம் நிற்கப்போகும் இடம், கோணம் எவ்வளவு துல்லியமாக நிற்கிறது, என்ன பிளேடு போடப்போகிறீர்கள் என்ற வரிசையில் யோசித்தால், விட்டமும் வாட்டும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

படி 1: இந்த இயந்திரம் உங்களுக்குத் தேவைதானா?

மைட்டர் ரம்பம் மரத்தைக் குறுக்கே அறுப்பதற்காகவே அமைந்தது. நீளமான சட்டத்தை அளவுக்குத் துண்டு போடுவது, 45 டிகிரியில் மூலை சேர்ப்பது, ஒரே நீளத்தில் இருபது துண்டுகள் எடுப்பது ஆகியவற்றில் இதற்கு இணை வேறில்லை. பலகையை நெடுக்காகக் கிழிக்க இதனால் இயலாது. ஒட்டுப்பலகை போன்ற பெரிய தகடுகளையும் இதில் அறுக்க முடியாது. உங்கள் வேலையில் பாதிக்குமேல் அலமாரிப் பலகைகள்தான் என்றால், முதலில் வாங்க வேண்டியது வழிகாட்டித் தண்டவாளத்துடன் கூடிய கைவட்ட ரம்பம் அல்லது மேசை ரம்பம். மைட்டர் ரம்பம் பிறகு வரலாம்.

இரும்புக் குழாய் அறுக்கும் கட்-ஆஃப் இயந்திரமும் பார்ப்பதற்கு இதைப் போலவே இருப்பதால், இரண்டும் ஒன்றே என்று எண்ணுவோர் உண்டு. அதில் சுழல்வது உராய்வுக் கல் தட்டு. இதில் சுழல்வது பல்வைத்த பிளேடு. சுழற்சி வேகம், பாதுகாப்பு மூடி, தீப்பொறி போகும் வழி எல்லாமே வேறுவேறாக இருப்பதால், மர ரம்பத்தில் கல் தட்டை மாட்டி இரும்பு அறுக்க முயல வேண்டாம். மரத்தூள் நிறைந்த மூடிக்குள் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 2: கடந்த ஓராண்டில் அறுத்ததை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போதும்: அறுத்த மரத்தின் அகலம், கனம், கோணம். இனிமேல் என்றாவது செய்யப்போகும் வேலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தேவைக்கு மிஞ்சிய பெரிய இயந்திரத்தை நம் தலையில் கட்டுவது அந்த ‘என்றாவது’தான்.

வீட்டுப் பட்டறைக்கு வரும் பிளேடு அளவுகள் பெரும்பாலும் 190, 216, 254, 305 மி.மீ. ஆகிய நான்கிற்குள் அடங்கும். தலை நகராத 254 மி.மீ. இயந்திரம் நேர் அறுப்பில் ஏறக்குறைய 140 முதல் 150 மி.மீ. அகலம் வரை எடுக்கும். அதே வகையில் 305 மி.மீ. இயந்திரம் 200 மி.மீ. அளவை எட்டும். தலை நகரும் வகையானால், 216 மி.மீ. பிளேடு கொண்ட சிறிய இயந்திரமே பெரும்பாலும் 300 மி.மீ. வரை அறுத்துவிடும்; ஆனால் கனத்தில் அது 60 முதல் 70 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். சுருங்கச் சொன்னால், விட்டம் தருவது கனத்தை, நகரும் தலை தருவது அகலத்தை.

கோணம் வைத்து அறுக்கும்போது இந்த அகலம் சுருங்கும். 45 டிகிரியில் பிளேடு மரத்தைச் சாய்வாகக் கடப்பதால், நேர் அறுப்பின் அகலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் கிடைக்கும், 150 மி.மீ. அறுக்கும் இயந்திரம் 45 டிகிரியில் 105 மி.மீ. அளவோடு நின்றுவிடும். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது எப்போதும் நேர் அறுப்பின் எண். உங்கள் தாளில் 45 டிகிரி அறுப்புகள் மிகுந்திருந்தால், கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும் இரண்டாவது எண்ணைத் தேடிப் பாருங்கள்.

படி 3: வகையை முடிவு செய்யுங்கள்

எளிய வகையில், மரத்தை வைக்கும் இயந்திரத்தின் மேசைத் தட்டு மட்டும் இடமும் வலமும் திரும்பும். அடுத்த வகையான காம்பவுண்ட் ரம்பத்தில் பிளேடும் ஒரு பக்கம் சாயும். இரட்டைச் சாய்வு வகையில் இருபக்கமும் சாயும். இவற்றோடு தலை முன்பின்னாக நகர்ந்தால் அது ஸ்லைடிங் வகை.

இரட்டைச் சாய்வுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பது நீங்கள் அறுக்கும் மரத்தின் வடிவத்தைப் பொறுத்தது. தட்டையான பலகையானால், ஒரு பக்கச் சாய்வே போதும். மறுமுனையை அறுக்கும்போது பலகையைப் புரட்டிக்கொள்ளலாம். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் அலங்காரச் சட்டத்தின் முதுகும் முகமும் வேறுவேறாக இருப்பதால், அதைப் புரட்ட முடியாது. இயந்திரத்தின் கோண அளவில் 31.6 என்ற எண்ணும் சாய்வு அளவில் 33.9 என்ற எண்ணும் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பலரும் குழம்புவதுண்டு. 38 டிகிரி சாய்ந்து நிற்கும் அத்தகைய சட்டத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து, 90 டிகிரி மூலைக்கு அறுப்பதற்கான கோணங்கள் அவை. அந்த வேலை செய்யாதவர்கள் இரட்டைச் சாய்வை விட்டுவிடலாம். நான் வைத்திருந்த பெரிய இயந்திரத்தின் வலப்பக்கச் சாய்வை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

என் கணிப்பில், முதல்முறை வாங்கும் பெரும்பாலோருக்குத் தலை நகராத 254 மி.மீ. ஒற்றைச் சாய்வு வகை போதும். அகலப் பலகைகளை அடிக்கடி துண்டு போடுபவருக்கு 216 மி.மீ. ஸ்லைடிங் வகை ஏற்றது. 305 மி.மீ. பிளேடு, 90 மி.மீ. கனத்தைத் தாண்டும் தூண்களையும் உயரமான சுவரடிச் சட்டங்களையும் நிற்கவைத்து அறுப்பவருக்கானது. பெரிய பிளேடின் தட்டு அதிகமாக அதிரும், விலையும் கூடுதல், சாணை பிடிக்கும் செலவும் கூடும்.

படி 4: சுவரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

ஸ்லைடிங் வகையில் தண்டுகள் எந்தப் பக்கம் நீளுகின்றன என்பதுதான் முக்கியமான கேள்வி. பழைய அமைப்பில் அவை பின்னோக்கி நீளும். இயந்திரத்தின் அடித்தட்டு முடிந்த பிறகும் 30 செ.மீ. அல்லது அதற்குமேல் வெற்றிடம் வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே, தண்டுகளை நிலையாக வைத்து அவற்றின்மேல் தலையை ஓடவிடும் அமைப்பும், தண்டுகளுக்குப் பதிலாக மடங்கும் கைகள் கொண்ட அமைப்பும் வந்தன. ஃபெஸ்டூலின் காபெக்ஸ் முதல் வகைக்கும், பாஷின் ஆக்சியல் கிளைடு இரண்டாம் வகைக்கும் பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்பதற்கு அவை கேட்கும் விலை சிறிதன்று.

இரு பக்கமும் எவ்வளவு நீளம் கிடைக்கிறது என்பதை அளக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2.4 மீட்டர் நீளச் சட்டத்தை நடுவில் அறுக்க வேண்டுமானால், பிளேடின் இருபுறமும் 1.2 மீட்டர் வேண்டும். முனையில் சிறிது சீவ வேண்டுமானால், ஒரே பக்கத்தில் 2.4 மீட்டரும் வேண்டும். எனவே இயந்திரத்தைச் சுவரின் நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் தூக்கி ஓரமாக வைப்பவரானால் எடையையும் பாருங்கள். நகராத 254 மி.மீ. இயந்திரத்தை ஒருவர் தூக்கிவிடலாம், 305 மி.மீ. ஸ்லைடிங் வகை பெரும்பாலும் 25 கிலோவைத் தாண்டும், எடையும் ஒரு பக்கமாகவே இழுக்கும். தூக்கச் சிரமமான இயந்திரம் நாளடைவில் மேசையிலேயே நிலைத்துவிடுகிறது, மேசையும் அத்தோடு போய்விடுகிறது.

படி 5: கோணத்தைச் சோதியுங்கள்

கடையில் செலவிடும் நேரத்தில் முக்கால் பங்கை இந்தப் படிக்கே கொடுங்கள். நான்கு மூலை கொண்ட ஒரு சட்டத்தில் எட்டு அறுப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி பிழை ஒரே திசையில் இருந்தால், கடைசி மூலையில் அது 2 டிகிரியாகச் சேர்ந்து நிற்கும். 60 மி.மீ. அகலச் சட்டத்தில் 45 டிகிரி மூட்டின் நீளம் ஏறக்குறைய 85 மி.மீ.; அந்த நீளத்தில் 2 டிகிரி என்பது ஒரு முனையில் 3 மி.மீ. இடைவெளி. பசையும், பிளவை அடைக்கும் மக்கும் வைத்து மறைக்கக்கூடிய அளவன்று அது. என் படச்சட்டங்களின் நான்காவது மூலைக்கு விளக்கம் இந்தக் கணக்கில்தான் இருந்தது.

மின்இணைப்பு இல்லாமலேயே பெரும்பாலான சோதனைகளைச் செய்துவிடலாம். நேரான உலோக அளவுகோல் ஒன்றும் நல்ல மூலைமட்டம் ஒன்றும் கையோடு கொண்டுபோங்கள். முதலில், மரத்தைச் சாத்தி வைக்கும் பின்தடுப்பான ஃபென்ஸைப் பாருங்கள். அது பிளேடின் இருபுறமும் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டின்மேலும் அளவுகோலைச் சாத்தினால் எங்கும் வெளிச்சம் தெரியக்கூடாது. ஒரு பாதி முன்னும் மறுபாதி பின்னும் இருந்தால், எந்தக் கோணமும் சரிவராது. திருகைத் தளர்த்திச் சரிசெய்ய இடமிருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். வார்ப்பே வளைந்திருந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து, மேசைத் தட்டைத் திருப்பிப் பாருங்கள். 0, 15, 22.5, 45 போன்ற கோணங்களில் கொக்கி பள்ளத்தில் விழுந்து நிற்கும். ஒருமுறை இடப்பக்கத்திலிருந்தும், மறுமுறை வலப்பக்கத்திலிருந்தும் 0 டிகிரிக்கு வந்து, ஒவ்வொரு முறையும் மூலைமட்டத்தை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையில் வையுங்கள். மட்டம் பிளேடின் தட்டில்தான் படிய வேண்டும். பல்லில் பட்டால் அளவு பொய்யாகிவிடும். இரண்டு முறையும் ஒரே விடை வராவிட்டால் பள்ளத்தில் தளர்ச்சி இருக்கிறது என்று பொருள். நிலையான பிழையைத் திருத்திவிடலாம். தளர்ச்சியைத் திருத்த முடியாது.

பள்ளத்துக்கு மிக அருகிலுள்ள ஒரு கோணத்திலும், எடுத்துக்காட்டாக 44.5 டிகிரியில், பூட்டிப் பாருங்கள். வீட்டுச் சுவர்கள் சரியாக 90 டிகிரியில் நிற்பது அரிது என்பதால், இத்தகைய அரைக்கோணங்கள் அடிக்கடி தேவைப்படும். கொக்கியை விலக்கி நிறுத்தும் வசதி இல்லாத இயந்திரம், பூட்டும் கணத்தில் 45 டிகிரிக்கே சறுக்கிப் போய்விடும்.

பிறகு தலையைக் கீழே இறக்கி, ஸ்லைடிங் வகையானால் முழுக்க முன்னே இழுத்து, கைப்பிடியை இரு விரலால் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். சிறு நெளிவு எந்த இயந்திரத்திலும் இருக்கும். டக்கென்று இடம் மாறும் உணர்வு இருந்தால், அது மூட்டிலோ தாங்கியிலோ உள்ள குறை. நாளாக நாளாகக் கூடுமே தவிரக் குறையாது. பழைய இயந்திரம் வாங்குவோர் இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தாலே போதும் என்பேன்.

ஓர் அறுப்புக்குக் கடைக்காரர் இசைந்தால், இரு விளிம்பும் இணையாக உள்ள, 100 மி.மீ. அகலமும் நல்ல கனமும் கொண்ட பலகையை 0 டிகிரியில் நடுவில் அறுங்கள். இடத்துண்டை அப்படியே வைத்துவிட்டு, வலத்துண்டை மட்டும் மேல்பக்கம் கீழே வரும்படி நீளவாக்கில் புரட்டி, இரண்டையும் நேரான விளிம்பில் சாத்தி அறுபட்ட முனைகளைச் சேருங்கள். புரட்டியதால் பிழை இரட்டிப்பாகத் தெரியும். கால் டிகிரி பிழை இருந்தால் ஓர் ஓரம் ஒட்டிக்கொண்டு, மறு ஓரத்தில் ஏறக்குறைய 0.9 மி.மீ. வெளிச்சக் கீற்று நிற்கும். விரல் நகத்தை உள்ளே நுழைத்துப் பார்க்கலாம். கீற்று பலகையின் அகலவாக்கில் விரிந்தால் மேசைக் கோணத்திலும், கனவாக்கில் விரிந்தால் பிளேடின் சாய்விலும் பிழை. ஒரே அறுப்பில் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

படி 6: மோட்டார், பிரேக், வெளிச்சம்

இங்கே நீண்ட யோசனை தேவையில்லை. மரத்தை அறுக்க 1400 முதல் 1800 வாட் போதும். மின்சார பிரேக் அவசியம். கைப்பொத்தானை விட்டதும் சில நொடிகளில் பிளேடு நிற்காவிட்டால், காத்திருக்கப் பொறுமையின்றிச் சுழலும் பிளேடையே மேலே தூக்கிவிடுவோம், துண்டு எகிறும். மெதுவாக வேகமெடுக்கும் தொடக்கம் இருந்தால் கை அதிராது. நீட்டிப்புக் கம்பி போடுவதானால் தடித்த கம்பியாகவும் கூடியவரை குட்டையாகவும் இருக்கட்டும். மின்கல வகை, மின்சாரம் இல்லாத இடத்துக்கு எடுத்துச் செல்பவருக்கும், ஏற்கெனவே அதே மின்கலங்களை வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

லேசர் கோட்டைவிட, பிளேடின் நிழலை மரத்தின்மேல் விழச்செய்யும் எல்இடி விளக்கே எனக்குப் பிடித்தது. லேசர் இடம் மாறிவிடக்கூடும்; நிழல் பிளேடிலிருந்தே விழுவதால், எந்த பிளேடு போட்டாலும் அது தின்னப்போகும் அகலத்தைத்தான் காட்டும்.

படி 7: பிளேடுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்

இயந்திரத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் பல் குறைந்தது. சாரத்துக்கு மரம் அறுக்கப் போதும், சட்டம் செய்ய ஆகாது. நடுத்தர இயந்திரத்தில் நல்ல பிளேடு தரும் அறுப்பை, விலையுயர்ந்த இயந்திரத்தில் மட்டமான பிளேடு தராது. எனவே கையில் உள்ள தொகை முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள்.

254 மி.மீ. அளவில் 40 பல் முரட்டு வேலைக்கும், 60 பல் அன்றாட வேலைக்கும், 80 பல் மழமழப்பான மூட்டுக்கும் ஏற்றவை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 60 பல். பற்கள் மாறிமாறி இடமும் வலமும் சாய்ந்திருக்கும் வகை மரத்துக்கு உரியது. அலுமினியத்துக்கு, ஒரு பல் மூலை சீவியும் மறுபல் தட்டையாகவும் வரும் வகை வேண்டும்.

பலரும் கவனிக்காதது, பல் முன்னோக்கிச் சாயும் அளவு. மேசை ரம்ப பிளேடுகளில் அது 15 முதல் 20 டிகிரி வரை இருப்பதுண்டு. அப்படிப்பட்டதை ஸ்லைடிங் ரம்பத்தில் மாட்டினால், பல் மரத்தைக் கவ்விப் பிடித்து தலையையே இழுத்துக்கொண்டு போகும். மைட்டர் ரம்பத்துக்கு 5 டிகிரிக்கு உட்பட்ட சாய்வோ, பின்னோக்கிய சாய்வோ கொண்ட பிளேடைக் கேட்டு வாங்குங்கள். நடுத்துளையும் ஊருக்கு ஊர், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்; 15.88, 25.4, 30 மி.மீ. மூன்றும் புழக்கத்தில் உள்ளன. பிளேடில் அச்சிட்ட உச்சவேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

மெல்லிய பிளேடு 2.2 மி.மீ. அளவிலும், முழுத்தடிப்பு பிளேடு 3 மி.மீ.க்குச் சற்று மேலும் மரத்தைத் தின்னும். மோட்டார் சிறியதானால் மெல்லியது நல்லது. 305 மி.மீ. விட்டத்தில் மெல்லிய தட்டு நெளியும் என்பதால், அங்கே நான் தடித்ததையே போடுவேன்.

படி 8: தூளும் ஓசையும்

பட்டறையில் தூளை அதிகம் வாரியிறைப்பது இந்த இயந்திரம்தான். கூடவே வரும் துணிப்பை பெயருக்கு இருக்கும். தூள் பெரும்பாலும் பின்னால் சுவரில் அடித்துத் தரையில் விழும். தூள் உறிஞ்சியை மாட்டும் வாயின் விட்டம் உங்கள் குழாய்க்குப் பொருந்துமா என்று வாங்கும்போதே பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் வைத்தது. ஆகவே உறிஞ்சி இருந்தாலும் முகமூடி வேண்டும்.

ஓசையைப் பொறுத்தவரை, 85 டெசிபல் ஓசையை 8 மணி நேரமும், 100 டெசிபல் ஓசையை 15 நிமிடமும் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான என்ஐஓஎஸ்ஹெச் வகுத்த வரம்பு. மைட்டர் ரம்பம் 100 டெசிபலைத் தொடக்கூடிய இயந்திரம். காதுறைக்கான காசையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த முதல் நாள்

மின்இணைப்பு கொடுக்கும் முன், மேலே சொன்ன மூலைமட்டச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். வண்டியில் குலுங்கி வந்த இயந்திரத்தில் கோணம் மாறியிருப்பது வழக்கம். சரிசெய்து புரட்டல் சோதனையில் கீற்று மறைந்த பிறகு, கோணம் காட்டும் முள்ளை 0 எண்ணுக்கு நகர்த்திப் பூட்டுங்கள். முள்ளை முதலில் நகர்த்திவிட்டு அதற்கேற்ப ஃபென்ஸைத் திருப்பக் கூடாது. பிறகு 6 மி.மீ. ஒட்டுப்பலகைத் துண்டொன்றை இயந்திரத்தின் மேசைத் தட்டின்மேல் ஒட்டி, அதன் ஊடாகவே ஒருமுறை அறுங்கள். பிளேடின் அகலத்துக்கு மட்டுமே திறந்திருக்கும் அந்தப் பிளவு, மரத்தின் அடிப்பக்கம் சிலாம்பு பெயர்வதைத் தடுக்கும்.

கை பிளேடிலிருந்து 150 மி.மீ. தள்ளியே இருக்கட்டும், அதற்கும் குட்டையான துண்டானால் பிடிக்கருவியால் இறுக்குங்கள். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிக்க வேண்டாம், கையுறையும் வேண்டாம். வளைந்த மரத்தை அதன் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொடும்படி சாத்துங்கள். திருப்பி வைத்தால் அறுப்பு முடியும் தறுவாயில் மரம் மடங்கி பிளேடை நெரிக்கும். ஸ்லைடிங் வகையில், தலையைத் தூக்கிய நிலையில் முன்னே இழுத்து, வேகமெடுத்த பின் கீழே இறக்கி, ஃபென்ஸை நோக்கித் தள்ளிக்கொண்டே அறுங்கள். பிளேடின் அடிப்பல் ஃபென்ஸை நோக்கி ஓடுவதால் இந்தத் திசையில் மரம் தானாகவே அமர்ந்திருக்கும். எதிர்த்திசையில் இழுத்து அறுத்தால் பிளேடு மரத்தின்மேல் ஏறி உங்களை நோக்கி வரும். அறுத்து முடித்ததும், பிளேடு முழுதாக நின்ற பிறகே தலையைத் தூக்குங்கள்.

கடைசியாக, மட்டமான மரத்தில் எட்டு அறுப்பு அறுத்து ஒரு சிறிய சட்டத்தைப் பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். முதல் மூன்று மூலைகளை இறுக்கிப் பிடித்துவிட்டு, நான்காவது மூலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்குங்கள். அங்கே கீற்று தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இயந்திரத்தைத் திருத்தவோ மாற்றவோ நேரம் இருக்கிறது. அதனால் அந்தக் கெடு முடியும்வரை பெட்டியைக் கிழித்துப் போடாதீர்கள்.